பெண் போட்ட சாயா திரிந்தது பற்றி

அருமனை,
ஞாயிறு பூசை முடிந்து

மேல்விளை வீட்டில் வாழ்பவரும், எனக்குச் சம்பந்தியாக இன்னும் வாய்ப்புள்ளவருமான திரு. ஜஸ்டஸ் அவர்களுக்கு,

கீழ்விளை வீட்டு மரியான் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் கிரேசியும் மகள் பிரிஜாவும் சுகம். எங்கள் கிணறுதான் சுகமில்லை. தங்கள் வீட்டில் எல்லோரும், குறிப்பாக ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின், நலமாக இருப்பதைச் சத்தத்தால் அறிகிறேன்.

கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். களியக்காவிளை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். படியில் தொங்குகிறவனை உள்ளே ஏற்றிய தொண்டை இது. நேரில் வந்து பேசினால் மார்த்தாண்டம் வரை கேட்கும் என்று பயந்து, கத்தமாட்டேன் என்று கிரேசி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் தாங்கள் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறீர்கள். ஆகவே தபால்.

சென்ற ஞாயிறு தாங்கள் மகன் லிஜினுக்காகக் குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தீர்கள். பிரிஜா கொண்டுவந்த சாயாவில் பால் திரிந்து கட்டி கட்டியாக மிதந்தது. தங்கள் மனைவி டம்ளரை ஆட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளை எம்.எஸ்சி. வரை படிச்சாச்சு, சாயா போடத்தான் படிக்கல்ல போல" என்றார்கள். தாங்கள் சிரித்தீர்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு மிக்சர் தட்டை நீட்டினேன். அந்தச் சிரிப்பை இக்கடிதம் மூலம் வாபஸ் வாங்குகிறேன். என் பிள்ளை அன்று சாப்பிடவில்லை, ஐயா. பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவள், ஒரு டம்ளர் சாயாவால் தலைகுனிந்து நின்றாள்.

உண்மை என்னவென்றால் அதற்கு ஒரு வாரம் முன்பே எங்கள் வீட்டில் பால் திரிய ஆரம்பித்துவிட்டது, பால்காரி ஓமனா தண்ணீர் கலக்கிறாள் என்று நான் பஸ் குரலில் ஏசப்போய் அவள் பால் தருவதையே நிறுத்திவிட்டாள், பாக்கெட் பால் வாங்கினோம், அதுவும் திரிந்தது, பாத்திரம் சரியில்லை என்று கிரேசி புதுப் பாத்திரம் வாங்கினாள், அதிலும் திரிந்தது, அந்தப் புதுப் பாத்திரத்தில் போட்டதுதான் தாங்கள் குடிக்காமல் வைத்த சாயா. ஊர் முழுக்க விஷயம் பரவி ஓமனா காதுக்குப் போனது. அவள் தன் வீட்டுத் தண்ணீரில் சாயா போட்டு பிளாஸ்கில் கொண்டுவந்து என் முன்னால் ஊற்றி, "குடிச்சுப் பாரும் சாரே. என் மாட்டுல குத்தமா, உம்ம கிணத்துல குத்தமா?" என்று கேட்டாள். சாயா முதல் தரம். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பிரிஜா பள்ளி லேபிலிருந்து ஒரு நீலத் தாள் கொண்டுவந்து கிணற்றுத் தண்ணீரில் நனைத்தாள். தாள் சிவந்தது. "அப்பா, ஆசிட்டாக்கும்" என்றாள். மழைத்தண்ணீர் போகப் பஞ்சாயத்து வெட்டிய ஓடை நம் இரண்டு விளைக்கும் நடுவே வந்து என் கிணற்றை ஒட்டித்தானே போகிறது? அதன் கரையோடு மேலே ஏறிப் போனாள். அங்கே யார்? தங்கள் திருமகன் லிஜின்! ரப்பர் பாலை ஆசிட் விட்டு உறையவைத்த தட்டுகளில் மிஞ்சிய தண்ணீரை வரிசையாக ஓடையில் கவிழ்த்துக்கொண்டிருந்தவர், என் மகளைக் கண்டதும் கையசைத்திருக்கிறார்! இவள் கேட்டதற்கு, "ஒரு மழை பெய்தா எல்லாம் போயிரும், பேடிக்காண்டாம்" என்று ஆறுதல் வேறு. போயிரும், சரி. எங்கே போயிரும்? என் கிணற்றுக்குப் போயிரும்!

அதோடு விட்டீர்களா? ஓடை வளைவில் கோழி இறகு, பேரப்பிள்ளையின் டயப்பர், முறுக்கு சுட்ட எண்ணெய் எல்லாம் சேர்ந்து அடைத்துக்கொண்டதால்தான் ஐப்பசி மழையில் தண்ணீர் கரை புரண்டு கிணற்றில் இறங்கியது. மழைக்கு வெட்டிய ஓடை ஐயா அது, தங்கள் அடுக்களைக்கு வெட்டியதல்ல. இப்போது பஞ்சாயத்துக் குழாயில் குடத்தோடு நிற்கிறேன். ஊருக்கே சீட்டுக் கிழித்தவன் வரிசையில் நிற்கிறேன்!

ஆகவே தெரிவிப்பது: தங்கள் விளையில் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு, ஆசிட் தண்ணீரை அதில் விடவும். எண்ணெயும் டயப்பரும் ஓடைப்பக்கம் வரக்கூடாது. என் கிணற்றை இறைத்துத் தரவும். தங்கள் மனைவி என் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவும். இவை நடக்கும்வரை நிச்சயம் இல்லை, ஓலை எழுத்து இல்லை, ஒன்றும் இல்லை.

தங்கள் குடும்பத்தை மாதா காக்கட்டும். தங்கள் ரப்பருக்கு நல்ல விலை கிடைக்கட்டும், ஆசிட் மட்டும் கிடைக்காமல் போகட்டும்.

கோபத்துடனும் மரியாதையுடனும்,
மரியான்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் கிரேசி வாசித்துப் பார்த்தாள். "கொள்ளாம், நல்ல கடுதாசிதான். நம்ம வாஷிங் மெஷின் குழாய் எங்க போவுது?" என்றாள். "ஓடைக்கு" என்றேன். "ஓடை எங்க போவுது?" "குளத்துக்கு" என்று சொல்லிவிட்டு, சும்மா ஒரு நடை போய்ப் பார்த்தேன். குளிக்கும் படியில், குளக்கரை வீட்டில் குடியிருக்கும் பகவதி என்ற பெண் முழங்கால் அளவு நுரையில் நின்று துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "வாரும் சாரே! உங்க வீட்டு நுரை வந்த பின்ன நான் சோப்பே வாங்கல்ல. மீனு மட்டும் மலந்து கிடக்கு" என்றாள். அவளிடம் கத்தவும் வழியில்லை. வீட்டுக்கு வந்து பிரிஜாவிடம் சொன்னேன். அவள் தீர்ப்பு: குழி வெட்டாத வீட்டுக்கு மருமகளாகப் போகமாட்டாள், குழி வெட்டாத வீட்டிலிருந்து மணமகளாக இறங்கவும் மாட்டாள். ஆகவே இரண்டு குழி. எங்கள் மம்பட்டிக்குப் பிடி இல்லை, தங்களுடையதை லிஜினிடம் கொடுத்து அனுப்பவும். முதலில் எங்கள் பக்கம் வெட்டட்டும். களைத்தால் சாயா உண்டு, பால் விடாத கட்டன்.