மாமா கார் கண்ணாடியில் ஒரு புண்

அன்பும் பயமும் சம அளவில் கலந்த அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நான், உன் மாப்பிள்ளை, பாப்பா மூவரும் சுகம். நீ எனக்கு ஓட்டத் தந்த உன் கார் அவ்வளவு சுகமில்லை. சனிக்கிழமை நீ வந்து பார்ப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் பாப்பாவைக் காப்பகத்தில் விடப் போகும்போது முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து முன்கண்ணாடியில் பட்டது. மிளகளவு புள்ளிதான். படித்தவள் இல்லையா, போனில் தேடினேன். அடிபட்ட இடத்தில் உடனே டேப் ஒட்டுங்கள், தண்ணீர் படவே கூடாது என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. அதற்குள் நான் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி முடித்திருந்தேன். பாப்பாவின் முழங்கால் புண்ணுக்குச் செய்து பழகிய கை, என்ன செய்ய. ஈரம் காயட்டும் என்று ஹேர் டிரையரைப் பிடித்தேன், எனக்கே வேர்த்துக்கொட்டியதால் உள்ளே உட்கார்ந்து ஏசியை முழுசாகத் திருப்பினேன், ‘டிக்’ என்று ஒரு சத்தம், புள்ளிக்குக் கால் முளைத்துவிட்டது. சூட்டையும் குளிரையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள் என்பது இரண்டாவது வரி. பிறகு அடைக்கிற பசை வாங்கிவந்து, வெளிச்சம் இருக்கட்டும் என்று நடு வெயிலில் வண்டியை நிறுத்தி ஊற்றினேன். அது வெயில் பட்டால் இறுகும் பசையாம், நிழலில் ஊற்றிவிட்டுத்தான் வெயில் காட்ட வேண்டுமாம். உள்ளே போகாமல் வாசலிலேயே கெட்டியாகிவிட்டது.

அப்புறம் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். கதவு நிலையில் பாப்பாவின் உயரத்தைக் குறிப்பது போல விரிசலின் நுனியில் தினமும் கோடு போட்டுத் தேதி எழுதினேன். பாப்பா ஒரு வருஷத்தில் வளராததை அது மூன்று நாளில் வளர்ந்து, பாப்பாவுக்கென்று நீயே மூலையில் ஒட்டித் தந்த கரடி ஸ்டிக்கருக்குள் போய் நுழைந்துகொண்டது.

கண்ணாடிக் கடைக்காரர் பார்த்துவிட்டு, “ஏம்மா, கழுவறதுக்கு இதென்ன பாத்திரமா? இனி ஒட்ட முடியாது, முழுசா மாத்தணும்” என்றார். உன் மாப்பிள்ளையோ, “கரடிக்குப் பக்கத்துல இன்னும் நாலு பொம்மை ஒட்டிடு, யாருக்குத் தெரியப்போகுது?” என்கிறார். “எங்கண்ணன்கிட்ட அப்படி மறைக்கற புத்தி எனக்கு வராது” என்று சண்டை போட்டு, இரண்டு நாளாகப் பேச்சில்லை.

சாவி தரும்போது காரைச் சுற்றிவந்து ‘ஒரு கீறல்கூட இல்லை’ என்று என்னிடம் கையெழுத்து வாங்கினாயே, அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. மன்னித்துவிடு. சாவியைத் திருப்பித் தந்துவிடுகிறேன். திங்கள் முதல் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொள்வேன், இடுப்பு தாங்கும்வரை. திட்டுவதானால் அவள் தூங்கின பிறகு திட்டு. இப்போதே “மாமா கார்ல புண்ணு” என்று காப்பகம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

அண்ணிக்கு என் அன்பு. உனக்குப் பாப்பாவின் முத்தம். வண்டிக்கு என் ஆழ்ந்த வருத்தம்.

தலைகுனிந்த தங்கை

பி.கு.: காலையில் கண்ணாடி மாற்றப் போனோம். பாப்பா கரடி வேண்டுமென்று அழுததால் கடைக்காரர் அதை உரித்துக் கொடுத்தார். அடியில் இன்னொரு கல்லடி, என்னுடையதைவிடப் பெரிசு. மேலே பக்குவமாக ஒட்டிய டேப். டேப்பில் உன் கையெழுத்தில் தேதி, எனக்குச் சாவி தருவதற்கு இரண்டு வாரம் முன்பு. “பழைய அடிம்மா இது. அதான் விரிசல் நேரா அங்க ஓடியிருக்கு” என்றார். ஆகவே மேலே மன்னிப்புக் கேட்டதைப் படிக்காதே. சாவி என்னிடமே இருக்கும். சனிக்கிழமை வரும்போது நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துவா. டேப் ஒட்டினாயே, அது சரியான முறைதான் அண்ணா. அடுத்த தடவை தேதி மட்டும் போடாதே.