ஏழு பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி

நம்மிடையே ஊசி ஆராய்ச்சியாளர் என்றோர் இனம் உண்டு. மருத்துவம் படித்தவர் அல்லர். படித்திருந்தால் இத்தனை நிச்சயமாகப் பேச வருமா? மாடிப்படியில் உங்களை மறித்து, பையைக் கீழே வைக்கவிடாமல், சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, ஃப்ளூ ஊசி போட்டால் கொரோனா எட்டிப் பார்க்காது என்று சத்தியம் செய்வார். அடுத்த மாதம் அதே படியில், அதே பொத்தானைப் பிடித்துக்கொண்டு, ஃப்ளூ ஊசிதான் கொரோனாவைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்பார். முன்னே சொன்னது? அது போன மாத ஆராய்ச்சி.

எங்கள் அலுவலகத்து ஆராய்ச்சியாளர் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். சுவர் கால் அங்குலம் பிசகினால் தாளையே கிழித்துப் போடுவார். அப்பேர்ப்பட்டவர் எங்கள் பிரிவின் ஏழு பேரையும் ஒரு தாளில் கட்டம் கட்டி அடைத்தார். ஊசி போட்டவர்கள் நான்கு பேர். அதில் மூவருக்குக் கொரோனா. போடாதவர்கள், அவரையும் சேர்த்து, மூன்று பேர், ஒருவருக்கும் இல்லை.

"நாலுக்கு மூணு! மூணுக்கு சைபர்! இதுக்கு மேல என்ன வேணும்?"

"சார், ஊசி போட்ட நாங்க தும்மினாலே டெஸ்டுக்கு ஓடுறோம். நீங்க மூணு பேரும் டெஸ்டே எடுத்ததில்லையே?" என்றேன்.

"வந்தாத்தானே எடுக்கணும்!"

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இவர் காக்கைமேல் குற்றப்பத்திரிகையே எழுதிவிட்டார்.

இதில் மாட்டிக்கொண்டவர் அவர் மனைவி. இளைப்பு நோய்க்காரர். குளிர் வருவதற்குள் ஃப்ளூ ஊசி போடச் சொல்லி டாக்டர் எழுதிய சீட்டு இரண்டு மாதமாக ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. "பொறும்மா, ஆராய்ச்சி முடியட்டும்" என்றே ஓட்டினார் மனிதர். கேட்ட எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பிறகு நம் ஆராய்ச்சியாளருக்கே பத்து நாள் இருமல். பால் தீய்ந்து வீடே புகைந்தபோதும் மூக்குக்கு உறைக்கவில்லை. "தூசி" என்றார். அடுத்த வாரம் மனைவிக்குக் காய்ச்சல். அந்த அம்மாள் டெஸ்ட் எடுத்தார். கொரோனா!

மருந்து கொடுக்கப் போன நான் வாசலிலேயே நின்றேன். உள்ளறையிலிருந்து அந்த அம்மாள் மூச்சு வாங்கப் பேசியது கேட்டது.

"உங்ககிட்டேருந்துதாங்க ஒட்டிக்கிச்சு. நல்லவேளை, ஃப்ளூ ஊசியை உங்களுக்குத் தெரியாம போன மாசமே போட்டுக்கிட்டேன். ஃப்ளூவும் சேர்ந்து வந்திருந்தா என் கதி என்ன?"

மருந்தை வாங்க வாசலுக்கு வந்த நம்மவர் முகம் வெளுத்தது. பாவம், திருந்திவிட்டார் என்றே நினைத்தேன். மெல்லக் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"ஊசி போட்டியா? சார், கேட்டீங்களா? அஞ்சுக்கு நாலு!"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நடுவில் எங்கேயோ, 'நான்கூட ஊசி போட்ட மறு வாரம்தானே...' என்று உங்கள் விரல் ஒன்று தானாக மடங்கியதே, முதலில் அதை நிமிர்த்திவிட்டுச் சிரியுங்கள்.