வட்ட மேஜையில் ஏழு பேர்

"அண்ணி பக்கத்துல நான் உட்கார மாட்டேன்," என்றாள் மனைவி.

கணக்கு வாத்தியார் பென்சிலை மேஜைமேல் வைத்தார். உணவகத்துக்கு எல்லாரும் வந்து சேர இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

"அப்போ ஒரே ஒரு வழிதான் மிச்சம்."

"எத்தனைல?"

"எழுநூத்து இருபதுல."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவருடைய மச்சான்கள் இருவரும் பேசி மூன்று வருடம் ஆகிறது. இன்றோடு வேலையிலிருந்து ஓய்வு பெறும் மாமனார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு மகன்களும் ஒரே மேஜையில் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். "நான் பாத்துக்கறேன் மாமா," என்று வாத்தியார் நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டார்.

வட்ட மேஜைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஒருவரை உட்கார வைத்துவிட்டு மற்ற ஆறு பேரை மாற்றி மாற்றிப் பார்த்தால் எழுநூற்று இருபது வரிசை. மச்சான்கள் இருவருக்கும் அப்பா பக்கத்தில்தான் இடம் வேண்டுமாம். மாமனாரை நடுவில் போட்டதும் அது நாற்பத்தெட்டானது. பெரிய மச்சானின் மறுபக்கம் அவர் மனைவி, பன்னிரண்டு. சின்னவனின் மறுபக்கம் மாமியார், நான்கு. மாமியாருக்கு இடது காது கேட்காது, ஆகவே செல்ல மகன் வலப்பக்கம்தான் இருக்க வேண்டும், இரண்டு. இப்போது மனைவி புண்ணியத்தில் ஒன்று.

எல்லாரும் வந்தார்கள். சொன்ன இடத்தில் உட்கார்ந்தார்கள். வாத்தியாருக்கு மூச்சு வந்தது.

"மாப்பிள்ளை, ஏசி காத்து நேரா என் மண்டையில அடிக்குது," என்றார் மாமனார்.

"கவலையே வேண்டாம் மாமா. எல்லாரும் எழுந்து வலப்பக்கமா ரெண்டு நாற்காலி தள்ளி உட்காருங்க. வட்டத்துல மொத்தமா நகர்ந்தா வரிசை மாறாது!"

ஏழு பேரும் கைப்பையோடு நகர்ந்தார்கள். பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மாமியார் தும்மினார். காற்று இப்போது அவர்மேல்.

"இன்னும் ரெண்டு," என்றார் வாத்தியார்.

"சாப்பிடக் கூப்பிட்டீங்களா, ராட்டினம் சுத்தக் கூப்பிட்டீங்களா?" என்றார் பெரிய மச்சான். ஆனாலும் நகர்ந்தார். காற்று வாத்தியாரின் வழுக்கையில் வந்து இறங்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

சூப் வந்தது. அந்த நேரம் பார்த்து மாமனாரின் கைப்பேசி அடிக்க, அவர் எழுந்து வெளியே போனார்.

இரண்டு மச்சான்களுக்கும் நடுவே இப்போது ஒரு காலி நாற்காலி மட்டும். பெரியவர் கரண்டியை இறுகப் பிடித்தார். சின்னவன் கழுத்தைச் சொடுக்கினான். வாத்தியார் பாய்ந்து போய் அந்த நாற்காலியில் விழுந்தார். விழுந்த வேகத்தில் சூப் சின்னவன் சட்டைமேல்.

மாமனார் திரும்பி வந்தார். தன் இடத்தில் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த மாப்பிள்ளை இடத்தில் போய் உட்கார்ந்தார்.

"அப்பாவை எங்கிட்டேருந்து பிரிச்சுட்டீங்க!" என்றார் பெரியவர்.

"எங்கிட்டேருந்துதான் பிரிச்சாரு!" என்றான் சின்னவன்.

மூன்று வருடத்தில் முதன்முறையாக இருவரும் ஒருவரையொருவர் நேராக முறைத்துக்கொண்டார்கள், வாத்தியாரின் வழுக்கைக்கு மேலாக. பெரியவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு முன்வாசல் வழியாகப் போனார். சின்னவன் பின்வாசல் வழியாகப் போனான்.

மாமனார் சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார்; ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"விடுங்க மாப்பிள்ளை," என்றார் கடைசியில். "இனிமே நான் கேட்கலை."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வாத்தியாரால் அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்து ஓடினார். முன்வாசலில் யாரும் இல்லை. பின்வாசலிலும் இல்லை. எதிரே தட்டோடு வந்த சர்வரை மறித்தார்.

"தம்பி, மீசை வச்ச ஒருத்தர், சட்டையில சூப் கொட்டின ஒருத்தர்... ரெண்டு பேரும் எந்தப் பக்கம் போனாங்க?"

"மாடியில ஒரே டேபிள்ல உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிச்சிக்கிட்டு இருக்காங்க சார். வாராவாரம் வர்ற அண்ணன் தம்பிதான். அவங்க குடும்பத்துல யாரோ ஒரு கணக்கு வாத்தியார் இருக்காராம். அவர் கூப்பிடுற விருந்துலேருந்து தப்பிக்கத்தான் மூணு வருஷமா சண்டை போட்ட மாதிரி நடிக்கிறாங்களாம்!"