தராசரும் சத்தமில்லாத ரவையும்

தராசரைப் போல ஒரு மனிதரை ஜேர்மனி இதுவரை கண்டதில்லை. இனிமேல் காணப்போவதும் இல்லை. கடவுளையும் தன் தராசையும் தவிர இந்த உலகத்தில் எதையும் நம்பாதவர். கடவுளில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது என்று அவருடைய மனைவி பவளம் அக்கா சொல்லுவார்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி எங்கள் நகரமான வுப்பர்டாலில் விசாரித்தால் ஒருவரும் வழி காட்டமாட்டார்கள். தராசர் என்றால் தொங்கு ரயிலில் போகிற சின்னப் பிள்ளையும் எந்தத் தரிப்பில் இறங்கவேண்டும் என்று சொல்லும். ஒரு பிறந்தநாள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் கேக் துண்டுக்குச் சண்டை பிடித்தபோது, மனிதர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு தராசை எடுத்து இரண்டு துண்டையும் நிறுத்தார். கூடின துண்டிலிருந்து கத்தி முனையால் நாலு துகள் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார். சண்டை தீர்ந்தது. கேக் வெட்டிய வீட்டுக்காரி ஒரு வருஷம் அவரோடு கதைக்கவில்லை.

ஷெல் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து இவ்வளவு தூரம் ஓடி வந்த மனிதர், வந்து செய்த வேலை வேட்டைத் துவக்கு வாங்கினது. அரம் செய்யும் பட்டறையில் அவரோடு வேலை செய்த ஒரு டொச்சுக்காரன், அதாவது ஜேர்மன்காரன், ஒருநாள் காட்டுக்கு வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே இவருக்கு மானும் பிடிக்கவில்லை, பன்றியும் பிடிக்கவில்லை. துவக்கு ரவைக்கு வீட்டிலேயே வெடிமருந்து நிறுத்துப் போடலாம் என்று அவன் சொன்ன சொல்தான் பிடித்தது. நிறுக்கிற வேலை என்றதும் மனிதர் விழுந்துவிட்டார். வேட்டைக்கு ஒரு சோதனை, மருந்து வைத்திருக்க இன்னொரு சோதனை, இரண்டையும் எழுதினார். எங்கள் ஆட்கள் பிள்ளைகளின் சோதனைக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார்கள். இவர் தன் சோதனைக்குத் தானே உடைத்தார்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். மனிதர் சுத்த சைவம். அந்த டொச்சுக்காரன் கூட்டிக்கொண்டு போகிற நாளில் சுட்ட பன்றியை வீட்டு வாசலுக்கும் கொண்டுபோக முடியாது; பவளம் அக்கா விடமாட்டார். அது என் வீட்டுக்கு வரும். நான் பல்கனியில் வைத்துக் கறி காய்ச்சுவேன். அவர் காற்று வராத பக்கமாக நின்று கத்தரிக்காய் சாப்பிடுவார். அப்படி ஒரு வேட்டைக்காரர்.

கெல்லரில், அதுதான் வீட்டுக்குக் கீழே இருக்கிற அறையில், அவருடைய பட்டறை. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைக் கழுவி, அடியில் பொறி கிளப்புகிற புதுக் குமிழ் அமத்தி, மருந்து நிறுத்துப் போட்டு, வாயில் சன்னத்தை, அதுதான் பறந்து போய்த் தைக்கிற துண்டை, இறுக்கினால் ரவை தயார். கடையில் இதெல்லாம் கிடைக்காதா என்று ஒருநாள் கேட்டேன். என்னை அவர் 'காணும்' என்றுதான் கூப்பிடுவார்.

"கிடைக்கும் காணும். ஆனா அது அவன் நிறுத்தது. நான் நிறுக்கேல்லையே."

இந்த வேலைக்குப் பஞ்சாங்கமும் பார்ப்பார். கோயிலில் தருகிற ஜேர்மனி நாட்காட்டி, கோடை நேரம் மாறினால் அதற்கும் ஒரு மணித்தியாலம் கூட்டிக் குறைத்து, ராகுகாலம் தொடங்கும்போது கைத்தொலைபேசி அடிக்கும்படி வைத்திருப்பார். அடித்தால் கரண்டி கையில் எப்படி இருந்தாலும் வேலை நிற்கும்.

எங்கே விட்டேன்? ஓம், குதிரை. குதிரையைச் சொல்லத்தான் வந்தேன்.

நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணைக்கார மனிசி இருந்தார். எழுபது வயது, ஆனால் ஏணியில் ஏறுவதைப் பார்த்தால் எனக்கு வெட்கம் வரும். அவருடைய நிலத்தில் வேட்டையாடத் தராசருக்கு அனுமதி கொடுத்திருந்தார். வேலை ஒன்றுதான்: கோழி பிடிக்கிற நரியைச் சுடவேண்டும். ஆனால் அங்கே லோட்டே என்று ஒரு கிழட்டுக் குதிரையும் நின்றது. தராசர் முதல் வெடி வைத்த அன்றைக்கு லோட்டே வேலியைப் பிய்த்துக்கொண்டு பெரிய தெருவுக்குப் போய், ஒரு பஸ்ஸுக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கியது. நரி ஓடவில்லை. இருந்து பார்த்தது என்று தராசரே சொன்னார்.

மனிசி அன்றைக்கே சொல்லிவிட்டார். இன்னொரு தரம் குதிரை மிரண்டால் அனுமதி இல்லை.

தராசருக்குத் தனியாக வேட்டையாட வேறு நிலம் கிடைக்காது. கிழவருக்கு, அதுவும் சைவக்காரருக்கு, யார் கொடுப்பார்கள்? ஒரு வாரம் அவர் எதையுமே நிறுக்கவில்லை. தேத்தண்ணிக்குச் சீனியைக் கண்ணளவில் போட்டார் என்று பவளம் அக்கா பயந்துபோய் எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

பிறகு ஒருநாள் என் வீட்டு மணியை அமத்தினார்.

"கண்டுபிடிச்சிட்டன் காணும். துவக்குக்கு ரெண்டு சத்தம். மருந்து வெடிக்கிற சத்தம் ஒண்டு. அதுக்குக் குழலின்ர வாயில ஒரு குழாய் பூட்டலாம், சட்டம் விடுது. மற்றது சன்னம் சத்தத்தை விட வேகமாப் போகேக்க காத்துக் கிழியிற சத்தம். மருந்தைக் குறைச்சு, பாரமான சன்னம் போட்டா, அது மெதுவாப் போகும். காத்துக் கிழியாது."

"அப்ப பன்றி?"

"பன்றிக்கும் மானுக்கும் உது காணாது, சட்டமும் விடாது. நரிக்குப் போதும்."

பவளம் அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"வீட்டில முப்பது வருஷமா வாயே திறக்காத மனிசன்," என்றார் அக்கா. "இனிக் காட்டிலயும் சத்தமில்லையாம். நல்லா இருக்கட்டும்."

மாதக்கணக்காகக் கெல்லரில் இருந்தார். கடைசியில் பண்ணைக்காரி ஒரு சனிக்கிழமை நண்பகலுக்கு டேர்மீன், அதுதான் குறித்த நேரம், கொடுத்தார்: குதிரைக்கு முன்னால் சுட்டுக் காட்டவேண்டும், அது பேசாமல் நின்றால் தராசர் நிற்கலாம்.

அந்தக் காலையில்தான் பத்து ரவை செய்ய இருந்தார். நான் மேலே பவளம் அக்காவின் தோசையோடு இருந்தேன். கீழே மூன்றாவது கோதுக்கு மருந்து போட்டு முடியத் தொலைபேசி அடித்தது. ராகுகாலம். எந்த இடத்தில் விட்டது என்று தெரிவதற்கு நாலாவது கோதின் வாயில் ஒரு துளசி இலையை வைத்துவிட்டு மேலே வந்தார். தோசை சாப்பிட்டார். ராகுகாலம் முடியத் திரும்பிப் போனார். துளசி வைத்த கோது முடிந்த கோது என்று நினைத்து, இலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டு, ஐந்தாவதிலிருந்து தொடங்கியிருக்கிறார். இது எங்களுக்குப் பின்னால் தெரிந்த விஷயம். வழக்கமாக எல்லாக் கோதுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்த்துத்தான் சன்னம் வைப்பார். அன்றைக்கு நேரம் போய்விட்டது. ஆனால் முடிந்த ரவைகளை நிறுத்துப் பார்த்தாராம். அங்கேதான் தராசு அவரைக் கவிழ்த்தது. மெதுவான ரவைக்கு மருந்து ஒரு சிட்டிகைதான். கோதுக்குக் கோது பித்தளை வித்தியாசமே அதைவிடக் கூட.

பண்ணையில் மண் மேட்டுக்கு முன்னால் கடதாசி கட்டி, பெட்டியிலிருந்து கைக்கு வந்தபடி ரவைகளை எடுத்துக்கொண்டு தராசர் புல்லில் படுத்தார். நான் தூரக்கண்ணாடியோடு பக்கத்தில் இருந்தேன். பண்ணைக்காரி எங்களுக்குப் பின்னால் வேலிக்கு அங்கால் லோட்டேயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் வெடி. தடித்த புத்தகம் மேசையில் விழுந்ததுபோல ஒரு சத்தம். லோட்டே தலையை நிமிர்த்தியது. மனிசியின் முகம் சுருங்கியது. இரண்டாவது வெடி. மறுபடியும் தலையை நிமிர்த்தியது. காது இரண்டும் பின்னால் போயின.

மூன்றாவதுக்கு 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். லோட்டே புல்லை விட்டு வாயை எடுக்கவே இல்லை. மனிசி கைதட்டினார்.

தராசர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"காணும், கேட்டீரோ?"

"கேக்கேல்லை அண்ணை."

"அதுதான் காணும். அதுக்குத்தான் இவ்வளவு நாளும்."

அடுத்த ரவையைத் துவக்குக்குள் தள்ளினார். நான் படிக்காதவன். ஹோட்டல் குசினியில் முப்பது வருஷம் தட்டுக் கழுவினவன். உள்ளே போன தட்டு எல்லாம் வெளியே வரவேண்டும், அந்த ஒரு கணக்குத்தான் எனக்குத் தெரியும். கண்ணாடியால் கடதாசியைப் பார்த்தேன்.

"அண்ணை, ஓட்டை ரெண்டுதான் இருக்கு."

"ரெண்டாவது போன ஓட்டைக்குள்ளாலயே மூண்டாவதும் போயிருக்கும்."

"மூண்டு போனா மூண்டு வரவேணும்."

"நான் நிறுத்தது காணும்." விரல் விசைக்குப் போய்விட்டது.

நான் அவருடைய கையைப் பிடித்தேன். நாற்பது வருஷப் பழக்கத்தில் அவரைத் தொட்டு மறித்தது அன்றைக்குத்தான். "முதல்ல குழலைப் பாருங்கோ. பாத்திட்டு என்னை ஏசுங்கோ."

ஏசிக்கொண்டே ரவையை எடுத்தார், போல்ட்டைக் கழற்றினார், குழலை வானத்துக்குப் பிடித்துப் பின்பக்கத்தால் பார்த்தார். எனக்கும் தந்தார். வெளிச்சம் தெரியவில்லை. மருந்தில்லாத ரவை, அடியில் இருந்த குமிழ் மட்டும் வெடித்துச் சன்னத்தைப் பாதிக் குழல்வரை தள்ளி இறுக்கிவிட்டிருந்தது. பின்னால் இன்னொன்று போயிருந்தால் துவக்கு அவருடைய முகத்துக்கு முன்னால் வெடித்திருக்கும்.

தராசர் ஈரப் புல்லில் காலை நீட்டி இருந்துவிட்டார். பண்ணைக்காரி சிரித்துக்கொண்டு வந்தார். லோட்டேக்குக் கேட்கவே இல்லை, நீ நிற்கலாம் என்று சொன்னார். அவ்வளவு டொச் எனக்கும் விளங்கும்.

"பேசாமல் இருங்கோ அண்ணை," என்றேன் மெதுவாக. "கிடைச்சதை விடாதேங்கோ."

"நிறை பிழைச்சா பிழைச்சதெண்டு சொல்லவேணும் காணும்."

எழும்பி நின்று சொன்னார். அது வெடியே இல்லை, மருந்து போட மறந்துவிட்டேன், குழல் அடைத்துவிட்டது, ஹோட்டலில் தட்டு எண்ணின இவன் பிடித்திராவிட்டால் நான் இல்லை. மனிசி அவரைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், என்னைக் கனநேரம் பார்த்தார். பிறகு தந்த அனுமதியைத் திரும்ப எடுத்தார். ஒரு மாதத்தில் இன்னொரு டேர்மீன். அதற்கு ஒரு நிபந்தனை: தட்டு எண்ணுகிறவனும் கூட வரவேண்டும், மருந்து போடும்போதும் அவன் கூட இருக்கவேண்டும்.

இரண்டு டேர்மீன் முடிந்துவிட்டது. லோட்டே இன்னும் தலையை நிமிர்த்துகிறது, ஆனால் இப்போது ஒரு காதுதான் பின்னால் போகிறது. மனிசி யோசித்துச் சொல்கிறேன் என்கிறார். நரி கொழுத்துப்போய்த் திரிகிறது.

எனக்குத் துவக்கும் பிடிக்காது, கெல்லர்ப் படியும் முழங்காலுக்கு ஒத்துவராது. ஆனாலும் சனிக்கிழமைகளில் இறங்குகிறேன். அவர் மருந்து போட்டு விலகியபின் நான் டோர்ச்சை வாங்கி, ஒவ்வொரு கோதாகக் குனிந்து பார்த்து, "இருக்கு அண்ணை" என்கிறேன். பத்தும் முடிந்து அவர் சன்னம் எடுக்க அந்தப் பக்கம் திரும்பும்போது, முதலாவதிலிருந்து இன்னொரு தரம் பார்க்கிறேன்.