கறுப்புக் குடைக்குக் கீழே விருந்து

வடாமுக்குக் காவல் இருப்பது எந்த மடையனும் செய்யக்கூடிய வேலை. அதிலும் தோற்றவன் நான். அதுவும் தூங்கிப்போய்த் தோற்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தோற்றேன்.

நாங்கள் குடியேறிய அமெரிக்க ஊரான கேட்டியில் அந்தக் கோடை முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை. புல்தரையில் கால் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. எனக்கு வெயிலைக் கண்டால் எரிச்சல். என் மனைவி மாலதிக்கு வெயிலைக் கண்டதும் வடாம் ஞாபகம். ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் முப்பது பேருக்கு வீட்டு வடாம் பொரித்துப் போடுவதாக வாட்ஸப் குரூப்பில் எழுதியும்விட்டாள். (யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை.)

பேக்யார்டில் என் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் வடாம் பிழிந்தாள். காக்காய் வராமல் இருக்க ஊரில் செய்வதுபோல் நான் பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைத்தேன். வேலி மேல் பறவைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, சூடாகாமல் இருக்கட்டும் என்று குடை நிழலிலேயே வைத்தேன்.

மூன்றாம் நாள் மாலதி ஆபீஸ் கிளம்பினாள்.

"இன்னைக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம்தானே? ஒரு கண்ணு வச்சுக்கோங்க."

"அதான் குடை இருக்குல்ல. என்னமோ மிலிட்டரி டியூட்டி மாதிரி சொல்ற."

பத்து மணிக்கு ஒரு கிராக்கிள் வந்தது. காக்காய்க்கு ஒல்லியான தம்பி மாதிரி இருக்கும். நீள வால், மஞ்சள் கண், எண்ணெய் போடாத கதவின் குரல். குடையைப் பார்த்து ஓடும் என்று காத்திருந்தேன். அது நேராகக் குடைக்குள் போய் நிழலில் நின்றது. தண்ணீர் குடித்தது. பிறகு ஒரு வடாமை எடுத்தது.

விரட்டத்தான் எழுந்தேன். ஆனால் அது வடாமைத் தின்னவில்லை. தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருந்தது. கொத்திப் பார்த்தது. பதம் போதவில்லை போல, மறுபடி முக்கியது. மெத்தென்று ஆனபிறகுதான் விழுங்கியது.

நான் உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சனியனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? எவ்வளவு நேரம் ஊற வைக்கிறது? எல்லாமே இப்படித்தான் தின்னுமா? மீட்டிங்கை ம்யூட்டில் போட்டுவிட்டு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வந்தது, அதுவும் ஊற வைத்தது. இன்னொன்று, பொறுமை கெட்டது, காய்ந்ததையே கடித்துப் பார்த்து உதறி எறிந்தது. (என் ஜாதகம்.) மதியத்துக்குள் கூட்டமே வந்துவிட்டது. இரண்டு தடவை தட்டில் தண்ணீர் தீர்ந்தது. இரண்டு தடவையும் நானே போய் ஊற்றிவிட்டு வந்தேன்.

மாலை மாலதி வந்தபோது வேட்டி மட்டும்தான் இருந்தது.

"வடாம் எங்க?"

"கோபப்படாத. இதுங்க ஊற வச்சு சாப்பிடுதுங்க, தெரியுமா உனக்கு?" நோட்டை நீட்டினேன்.

நின்றபடியே ஒரு பக்கம் படித்தாள். "நிழலு, தண்ணி, சாப்பாடு. பந்தி நல்லாத்தான் நடந்திருக்கு. தாம்பூலம் குடுத்தீங்களா?"

பாட்லக்குக்குக் கடைச் சிப்ஸ் போனது. காரணம் கேட்ட முப்பது பேருக்கும் மாலதி என் நோட்டிலிருந்தே வாசித்துக் காட்டினாள்.

இப்போதும் எங்கள் வீட்டில் வடாம் பொரித்தால் என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வந்துவிடும். வைப்பது என் மகள். "சோக் இட் ஃபர்ஸ்ட், அப்பா" என்பாள். நான் முறைப்பேன். பறவைகளிடம் அந்தக் குடைக்குக் கிடைத்த மரியாதைதான் என் முறைப்புக்கும்.