ஆதர்ஷுக்கு ஓர் உடம்பு

ஆதர்ஷுக்கு உடம்பு இல்லை. தலை மட்டும் மஸ்கட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருந்தது. அதுவும் பாஸ்போர்ட் அளவில்.

அந்தத் தலையை ஜெஸ்பின் ஒரு குடும்பப் படத்துக்குள் நிற்க வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சிவதாணுவுக்கு எண்பதாவது பிறந்தநாள். ஆறடிக்கு நாலடியில் ஒரு படம் வீட்டுக் கூடத்தில் தொங்க வேண்டும் என்று அவர் மனைவி வடிவாம்பாள் பென்டிரைவும் கையுமாக வடசேரி மயில்தோகை டிசைன்ஸின் மாடிப்படி ஏறி வந்திருந்தாள். கீழ்த்தளத்து ஸ்டுடியோவில் யேசுரத்தினம் எடுத்த படம் அது. முன்னால் கணவனும் மனைவியும் நாற்காலியில்; பின்னால் மூத்தவன் பிரதீஷ், மகள் ராஜி. கடைக்குட்டி ஆதர்ஷ் மட்டும்தான் பாக்கி.

ஜெஸ்பினுக்கு அங்கே அது சோதனை மாதத்தின் கடைசி வாரம். இந்த வேலை தேறினால் நாற்காலி நிரந்தரம் என்று முதலாளி சுயம்புராஜ் சொல்லியிருந்தார். தேறாவிட்டால்? நெய்யூரில் அம்மா, ஆஸ்பத்திரி வரவேற்பு மேசை வேலைக்கு விண்ணப்பத்தை நிரப்பியே வைத்திருந்தாள். கையெழுத்துதான் பாக்கி.

உடம்புக்குப் பக்கத்து மேசை ஜெபிஷ் கிடைத்தான். அவனைச் சுவரோரம் நிறுத்திப் படமெடுத்து, கழுத்துக்கு மேலே ஆதர்ஷை வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வடிவாம்பாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எம் மவனுக்கு ஏது பிள்ளே இவ்வளவு தொப்ப?"

ஜெபிஷ் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒதுங்கினான். ஜெஸ்பின் தொப்பையைக் குறைத்தாள். தொப்பை போனதும் ஆதர்ஷ் அட்டையில் வெட்டியவன் போலானான். சரி, நிழல் கொடுத்தால் ஒட்டிக்கொள்வான் என்று, ராஜிக்கு இருப்பதுபோல இடப்பக்கம் ஒரு நிழல் வரைந்தாள். அப்போதுதான் பிரதீஷின் நிழல் வலப்பக்கம் விழுவது கண்ணில் பட்டது. ஒரே அறையில் இரண்டு சூரியனா என்று எரிச்சலோடு அதை அழித்தாள். பிரதீஷ் தரையிலிருந்து அரையடி மேலே மிதந்தான்.

புதன்கிழமை வடிவாம்பாள் வந்தாள்.

"சின்னவன் கொள்ளாம். இப்ப பெரியவன்லா ஒட்டவெச்ச மாதிரி இருக்கான்?"

மிதப்பவனைக் கீழே இறக்கும் வழியாக, ராஜியை அண்ணன் தோளோடு ஒட்டி நிறுத்தி, ஆதர்ஷை ஓரத்துக்குத் தள்ளினாள் ஜெஸ்பின். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வடிவாம்பாளுக்கு மட்டும் முகம் மாறிவிட்டது.

"அவ அங்க நிக்கப்பிடாது மக்கா. சின்னவன் நடுவுல நிக்கட்டும், கேட்டியா?"

மறுபடி பிரித்தாள். பிரித்த இடத்தில் திரைச்சீலை கிழிந்தது. அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்தபோது சிவதாணுவின் காது ஒன்று மங்கியது. வியாழக்கிழமை சாயங்காலம், எல்லோர் முகத்திலும் ஒரே வெளிச்சத்தை அள்ளிப் பூசி, எல்லோர் நிழலையும் ஒரே பக்கம் திருப்பிவிட்டு நிமிர்ந்தாள். ஐந்து பேரும் ஜவுளிக்கடை பொம்மைகளாக இருந்தார்கள். வேறு நேரமில்லை. அச்சுக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் விண்ணப்பத்துக்கு மனதுக்குள் கையெழுத்துப் போட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை படத்தின் முன் வடிவாம்பாள் நெடுநேரம் நின்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பதான் எல்லாரும் ஒண்ணுபோல இருக்காவ."

ஆட்டோவில் படம் ஏறிப் போனதும் சுயம்புராஜ் ஜெஸ்பினைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை முதல் அந்த நாற்காலி அவளுடையது என்றார்.

நாற்காலி கிடைத்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை. பிழைக்கத் தெரிந்தவள் பேசாமல் இருந்திருப்பாள். ஜெஸ்பின் கீழே இறங்கி ஸ்டுடியோவுக்குப் போனாள். யேசுரத்தினம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பொறுத்துக்கிடணும். ஒருத்தர ஒட்டவைக்கப் போயி, நல்லா ஒண்ணா நின்ன நாலு பேரையும் கெடுத்துட்டேன்."

அவர் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கி, ஊதிப் பார்த்தார்.

"ஒண்ணா நின்னாவளா? அப்பனும் அம்மையும் போன வாரம் ஞாயிறு வந்தாவ, பெரியவன் திங்க, ராஜி செவ்வா. எல்லாரும் ஒண்ணா நின்னா லீவு போட்டுட்டு வாறேன்னு சொன்னது அந்த மஸ்கட்காரன் மட்டுந்தான் மக்கா."