ராமலட்சுமி அத்தை கனடாவுக்குச் சொன்ன பதில்

கழுகாசலமூர்த்தி துணை

கோவில்பட்டி,
ஐப்பசி 22.

கனடாவிலிருக்கும் என் அருமை மருமகள் சௌபாக்கியவதி சத்யபிரியாவுக்கு அத்தை ராமலட்சுமி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கன மாமாவோட முட்டிவலியத் தவிர எல்லாரும் சொகம். அங்கன பனியில நீயும் மாப்பிள்ளையும் சளி புடிக்காம இருக்கணும்னு முருகன்கிட்ட தெனமும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். இந்தப் பார்சல்ல கடலைமிட்டாயும் விபூதியும் வச்சிருக்கேன். கடம்பூர் போளியும் வாங்குனேன். கனடா போயிச் சேருததுக்குள்ள ஊசிப்போயிரும்னு மாமா சொன்னாவ, சொன்ன கையோட அவியளே தின்னுட்டாவ.

மாப்பிள்ளை உன் சி.வி.ய போன்ல அனுப்பியிருந்தாவல்லா, அத ஜெராக்ஸ் கடை பாலகணேஷ்கிட்ட கொடுத்துத் தமிழ்ல சொல்லச் சொன்னேன். ஏட்டி, ரெண்டே பக்கம்! எங்க அண்ணன் பேரு இல்ல, பொறந்த தேதி இல்ல, போட்டோ இல்ல, கல்யாணம் ஆயிட்டா ஆகலையான்னு கூட இல்ல. "யாரு பெத்த பிள்ளைன்னு தெரியாம எவம்ல வேலை குடுப்பான்?"னு கேட்டேன். "அங்கன அதெல்லாம் போட்டாத்தான் கழிச்சுக் கட்டுவாங்க அத்தை"ங்கான். ஆனா ரெண்டாம் பக்கத்துல ஒண்ணு வாசிச்சாம் பாரு: நம்ம தீப்பெட்டி ஆபீசுல நீ மூணு வருசம் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். விசாரிக்கணும்னா உரிமையாளர் ராமலட்சுமிகிட்ட கேக்கலாம்னு என் நம்பரு! எனக்குக் கண்ணு கலங்கிட்டு. மழை பேஞ்சா ஒழுகுத நம்ம ஷெட்டு கனடா போயிட்டே! அந்தத் தாளுக்கு நாலு மூலையிலயும் மஞ்சத் தடவி முருகன் படத்துக்குக் கீழ வச்சிட்டேன். ஏழு மாசமா எத்தனையோ கம்பெனிக்கு எழுதிப் போட்டும் ஒருத்தனும் பதில் போடலன்னு போன்ல அழுதியே, இனிமே அழக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.

போன வெள்ளிக்கெழமை வெளக்கேத்துத நேரம், நீ கடைசியா எழுதிப் போட்டிருந்த அந்த பிஸ்கட் கம்பெனியில இருந்து போன் வந்திட்டு. யாழ்ப்பாணத்துப் பொண்ணு, என்னா மரியாதை! "அம்மா, சத்யபிரியாவோட உங்களுக்கு என்ன தொடர்பு?"ன்னு கேட்டா. அத்தைன்னு சொல்லிராதீங்கன்னு மாப்பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாவல்லா, நான் சொல்லவே இல்ல. "எங்க அண்ணன் மவ"ன்னு மட்டுந்தான் சொன்னேன். "அவ வேலையில எப்பிடி?"ன்னா. நம்ம பிள்ளைய நம்ம வாயாலயே மெச்சிக்கிட்டா கண்ணு பட்டுராதா? அதுவும் கடல் தாண்டுன கண்ணு, இங்கன மொளகாயச் சுத்திப் போட்டா அங்கன வரைக்கும் எட்டுமா? அதனால, "ஏதோ இருக்கா, அவளுக்கு என்னம்மா தெரியும்"னேன். அவ விடல, கொற ஏதும் உண்டான்னா. "இல்லாமலா? மகா பிடிவாதக்காரி. மழைக்காலத்துல ஒரு குச்சி சரியாப் பத்தலன்னு கெளம்பிட்ட லாரிய மறிச்சி நின்னவ. சொந்த மாமா கெஞ்சுதாவ, 'மாமா, வேணும்னா எம்மேல ஏத்திட்டுப் போங்க, நமுத்த பெட்டி போவாது'ன்னுட்டா. மொத்த லோடையும் எறக்க வச்சி, அன்னைக்கு எங்க ஒருத்தரயும் சாப்பிட விடல"ன்னேன். அதுக்கு அப்புறம் அந்த யாவாரி நம்மள விட்டு வேற ஆளத் தேடவே இல்லைங்கிறத சொல்லல. அது பெருமையில்லா?

அப்படிச் சாமர்த்தியமாப் பேசிட்டேன்னு பாலகணேஷ்கிட்ட போயிச் சொன்னா, அவன் தலையில கை வச்சிட்டான். "கெடுத்திட்டீங்களே அத்தை! அங்கன புகழ்ந்து தள்ளணும். ஏதோ இருக்கான்னு சொன்னா ஒண்ணுக்கும் ஆகாதவன்னு அர்த்தம்"ங்கான். திருப்பிப் போன் போட்டா எடுக்கமாட்டங்கா. அடுத்த பஸ்ஸப் புடிச்சி கழுகுமலைக்கு ஓடுனேன். "முருகா, என் வாய்க்கொழுப்புக்கு அந்தப் பிள்ள வயித்துல அடிச்சிராத. வேலை கெடைச்சா உன் சந்நிதியில மொட்டை"ன்னு வேண்டிக்கிட்டேன். என் மொட்டை இல்ல, மாமா மொட்டை. அவியகிட்ட இன்னும் சொல்லல.

தாயி, உன்ன ஒண்ணும் தெரியாதவன்னு சொன்ன இந்த நாக்க மன்னிச்சிரு. எங்க அண்ணன் மவள மாதிரி கெட்டிக்காரி இந்தக் கரிசக்காட்டுலயே கெடையாது. இந்த அத்தை நம்பர அடிச்சிட்டு, நல்லாப் பேசத் தெரிஞ்ச ஆளு நம்பராப் போட்டுக்கோ. கழுகாசலமூர்த்தி உங்க ரெண்டு பேரையும் நெழலாக் காக்கட்டும்.

இப்படிக்கு,
வாயால கெட்ட அத்தை,
ராமலட்சுமி

பி.கு.: பார்சல ஒட்டப் போற நேரத்துல மாப்பிள்ளை போன் பண்ணிட்டாவ! மேல எழுதுன மன்னிப்பயெல்லாம் கிழிச்சுப் போடு. மொதலாளிக்கே பயப்படாம லோடை நிறுத்துத ஆளத்தான் இத்தனை நாளாத் தேடுனோம்னு அந்தப் பொண்ணு சொல்லி, உனக்கே வேலையக் குடுத்திட்டாளாமே! சி.வி.யில என் நம்பர அடிக்காத, பெருசாப் போடு. தைப்பூசத்துக்கு மாமாவ கழுகுமலைக்குக் கூட்டிட்டுப் போறேன், போளி வாங்கித் தாரேன்னு சொல்லியிருக்கேன். இப்பத்தான் எதுத்த வீட்டு பாலம்மாள் வந்து, "மருமவளுக்கு வேலை கெடைச்சிட்டா?"ன்னு கேட்டா. "எங்க மைனி, அவளுக்கு என்ன தெரியும், ஏதோ இருக்கா"ன்னு சொல்லி அனுப்பிட்டு, கதவச் சாத்திக்கிட்டு தனியாச் சிரிச்சேன்ட்டி.